கப்பல் புறப்படும் முன் ஒரு நாள்

கடற்பிரயாணம் செய்வோர் எக்காலத்திலும் துறைமுக நகரொன்றில் சிறிது பொழுது தங்கியே ஆகவேண்டும். பிரயாணியின் வசதிக்கேற்பக் கப்பல் புறப்படுவதில்லை. ஏற்றவேண்டிய சரக்கும், நிரப்பவேண்டிய எரிபொருளும், காற்றும் கடலுமே அதன் நேரத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே கரையில் காத்திருக்கும் அந்த ஒரு நாள், பிரயாணத்தின் பிரிக்க முடியாத அங்கமாக இருந்து வந்திருக்கின்றது. சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையின் 301 அடிகளில் பெரும்பகுதி, காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவையும் பண்டசாலையையும் சுற்றிப் பார்க்கும் ஒருவனுடைய கண்கொண்டு எழுதப்பட்டது போலவே அமைந்திருக்கின்றது.

இலங்கையின் மலைநாட்டிலே, டிக்கோயாவிற்கும் பொகவந்தலாவைக்கும் இடையே அமைந்த சிற்றூர் நோர்வூட். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள ஹட்டன் புகைவண்டி நிலையமே அவ்வூராருக்கு வெளியுலகின் வாயில். கடலை ஒருமுறையேனும் காணாது வாழ்ந்து மறைந்தோர் அத்தோட்டங்களிலே பலர். ஆயினும் அவ்வூரின் வரலாறு இரண்டு துறைமுகங்களோடு இறுகப் பிணைந்தது. ஒன்று, அவ்வூர்த் தேயிலை சென்ற கொழும்பு. மற்றொன்று, அவ்வூர் மனிதர் சென்ற தலைமன்னார். கப்பலுக்கு முன் ஒரு நாள் என்பது இவ்விரு இடங்களிலும் எவ்வாறு கழிந்தது என்பதை ஒப்பிட்டு நோக்கினால், ஒரு நூற்றாண்டின் கதை விளங்கும்.

முதலிற் கொழும்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கீழைத்தேசக் கடல்வழியிற் சென்ற பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்பிலே தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுத் தத்தளிக்க வேண்டியிருந்தது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்துப் பெருகிற்று. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் விளைபொருளும் கொழும்பிலேயே குவிந்தது. எனவே அங்கு அலைதடுப்புச் சுவர் ஒன்று எழுப்பத் தீர்மானமாயிற்று. 1875 டிசம்பரில், அக்காலத்து வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி, முக்கால் மைலுக்கும் மேற்பட்ட நீளமுடைய அச்சுவர் பத்தாண்டுகளில் எழுந்தது. காலியின் பெருமை மங்க, கொழும்பு உலகக் கடல்வழியின் ஒரு சந்தியாயிற்று.

கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் வரையில் பிரயாணிகள் என் செய்வர்? கரைக்கு வந்து ஊர் பார்ப்பர். அவர்களுக்கென்றே நகரம் தன்னை ஆயத்தஞ் செய்துகொண்டது. இறங்குதுறையிலிருந்து சில எட்டு நடந்தால் 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் விடுதி. அதற்கு அப்பால், மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒருங்கே அமைந்த கோபுரம். மணிக்கூண்டாக 1857இல் எழுந்த அது, பத்தாண்டுகளின் பின் கடலோடிகளுக்கும் ஒளி காட்டலாயிற்று. ரிக்சாவில் ஏறினால் புறக்கோட்டைக் கடைத்தெரு, கறுவாத்தோட்டம், 1859இல் ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் அமைத்த காலிமுகத்திடலின் கடற்காற்று, இன்னும் பொழுதிருந்தால் கல்கிசைக் கடற்கரை. 1877 ஜனவரி முதல் நாளில் ஆள்பதி சேர் வில்லியம் கிரகரி திறந்துவைத்த நூதனசாலையும் அவர்கள் காணும் இடங்களிலொன்று. அக்கட்டடத்தை எழுப்பியவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்பது நம்மவர் அறியத்தக்க செய்தி.

அத்தகைய ஒரு நாட் பிரயாணிகளுள் உலகறிந்தவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன். கடன்பட்டு நொடித்த அவர், அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டிருந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்து ‘ஓஷானா’ என்னும் கப்பலில் 1896 ஜனவரி 13ஆம் நாள் கொழும்பை அடைந்தார். மறுநாள் பம்பாய்க்குச் செல்லும் ‘ரொசெட்டா’ என்னும் கப்பலில் ஏறவேண்டும். இடையே ஒரே நாள். அந்த ஒரு நாளிலே அவர் கண்டவை, 1897இல் வெளிவந்த அவரது பிரயாண நூலில் இடம்பெற்றன. கொழும்பு வீதிகளிற் கண்ட உடைகளின் வண்ண வேறுபாடு அவரைப் பரவசப்படுத்திற்று. மிசன் பாடசாலை ஒன்றிலிருந்து ஐரோப்பிய உடையணிந்து வெளிவந்த சிறுமியரைக் கண்டபோதோ, அந்த அழகு கலைக்கப்பட்டதே என்று அவர் வருந்தினார். தாம் ஏறிய ‘ரொசெட்டா’வின் முதுமையையும் அவர் கேலி செய்யாமல் விடவில்லை. அவருக்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1890 நவம்பரில், ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகோவ், சகலின் தீவின் கைதிகளைக் கண்டு திரும்பும் வழியில் இங்கு இறங்கிச் சில நாட்கள் தங்கினார். சகலினை நரகமென்று உணர்ந்த அவர் இலங்கையைச் சுவர்க்கமாகக் கண்டார்.

இப்பெரியோர் உற்று நோக்குங் கண்ணுடையோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நாளில் ஓர் ஊரைக் காண்பதற்கு எல்லையுண்டு. அவர்கள் கரையில் உலாவிய வேளையில், துறைமுகத்தில் இரண்டு காரியங்கள் நடைபெற்றன. கூடை கூடையாக நிலக்கரியைச் சுமந்து தொழிலாளர் கப்பலை நிரப்பினர். அவர்களுட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். இன்னொரு புறத்தில் தேயிலைப் பெட்டிகள் ஏற்றப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரிலே தொடங்கிய தேயிலைப் பயிர், கோப்பி நோயினால் அழிந்த மலைகளையெல்லாம் மூடிவிட்டது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டிற்று. அன்றுமுதல் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டங்களின் தேயிலை மாட்டுவண்டியில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து இரவோடு இரவாகக்கூடக் கொழும்பைச் சேர வழியுண்டாயிற்று. விடுதியில் பிரயாணி அருந்திய தேநீருக்கும் அவர் ஏறப்போகும் கப்பலின் சரக்கிற்கும் மலையேறிப் பறித்த கைகள் ஒன்றே. அந்தக் கைகளுக்குரியவரை அவர் காணவில்லை. காண்பதற்கு அவர்கள் கொழும்பில் இல்லை.

அவர்களது துறைமுகம் வேறு. தொடக்க காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியிற் பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலுக்கும் பசிக்கும் தாகத்திற்கும் அவ்வழியிற் பலியானோர் பலர். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் வந்தனர். 1914இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவையும், தலைமன்னாருக்கான புகைவண்டிப் பாதையும் ஒருசேர இயங்கத் தொடங்கியபின் அதுவே பெருவழியாயிற்று. கப்பலுக்கு முன் அவர்களும் காத்திருந்தனர். ஆயின் அவர்கள் காத்திருந்த இடம் மண்டபம் முகாம். கொள்ளைநோய் இலங்கைக்குள் வாராதபடி அங்கே அவர்கள் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர், மருத்துவர் சோதித்தனர், அம்மைப்பால் குத்தப்பட்டது, செல்லவேண்டிய தோட்டம் பதிவாயிற்று. இராமேசுவரம் கோயில் அண்மையிலே இருந்தும், ஊர் பார்ப்பதென்ற பேச்சு அக்காத்திருப்பில் இல்லை.

காலஞ் சுழன்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமொன்றிற் கைச்சாத்திட்டனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரென மதிக்கப்பட்டோரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இணக்கங் கண்டனர். பாட்டன் வந்த வழியே பேரன் திரும்பவேண்டிய நிலை பிறந்தது. விரும்பி விண்ணப்பித்தோரும் உண்டு. வேறு வழி தோன்றாது விண்ணப்பித்தோரும் உண்டு. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் குடும்ப அட்டை கைக்கு வந்ததும், லயத்தைக் காலி செய்து புறப்பட வேண்டியதாயிற்று.

நோர்வூட்டிலிருந்து புறப்பட்ட குடும்பம் ஹட்டன் நிலையத்தில் புகைவண்டி ஏறும். மலைநாட்டார் புகைவண்டியைக் கோச்சி என்பர். திரும்பிச் செல்வோரைச் சுமந்த அவ்வண்டியை ‘அழுகைக் கோச்சி’ என்றே அவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். தாய் ஒரு பட்டியலிலும் மணமான மகள் மற்றொரு பட்டியலிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் இருந்தன என்பதை அறிந்தால், அப்பெயரின் பொருள் தெளிவாகும். பொல்காவலையில் வடக்கு நோக்கித் திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி, மடுவீதி, மன்னார் என்று நீளும் அப்பாதையின் கடைசி நிலையம் தலைமன்னார் இறங்குதுறை.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிற்று. ஆகவே இக்கப்பல் இராமேசுவரத்திற்கே சென்றது. அதன் பெயர் ‘இராமானுஜம்’. ஏறுமுன் சுங்கச் சோதனை. எடுத்துச்செல்லும் நகைக்கும் பணத்திற்கும் வரையறை. இவற்றிற்கிடையே கழிந்த பொழுதுதான் அவர்களுக்கு வாய்த்த துறைமுக நாள். பார்ப்பதற்கு அங்கே என்ன உண்டு? பனையும் வெண்மணலும் வெளிச்சவீடும், கடலுள் நீண்ட இறங்குதுறையும். தேயிலையின் பசுமையும் பனிமூட்டமுமன்றி வேறறியாத கண்களுக்கு, இலங்கை கடைசியாகக் காட்டிய தோற்றம் இதுவே. இவ்வாறு மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். நீலகிரியில் அவர்களுக்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து பறித்தோர் பலர். இனக்கலவரத்தின் பின் எழுந்த போர்ச்சூழலில் 1984இல் கப்பற் சேவை நின்றுபோயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கி, நாடற்றோர் என்னும் நிலையை அகற்றிற்று.

இன்று நோர்வூட்டின் இளைஞர் ஒருவர் ஹட்டனில் வண்டியேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினால், அன்று கப்பற் பிரயாணிகள் உலாவிய இடங்களைத் தாமும் ஒரு நாளிற் கால்நடையாகவே பெரிதுங் காணலாம். மணிக்கூட்டு வெளிச்சவீடு இன்றும் நிற்கின்றது; புதிய கட்டடங்கள் மறைத்துவிட்டபடியால் 1952 முதல் அது கடலுக்கு ஒளி காட்டுவதில்லை. செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தையும் கண்டு, நூதனசாலைக்குச் செல்வது நன்று. அங்கே, 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று உண்டு. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய வாசகங்கள் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தீவின் துறைமுகத்தில் தமிழ், உலகத்தோடு உரையாடும் மொழியாக இருந்தமைக்கு அக்கல் சான்று. மார்க் ட்வெய்ன் அதைக் கண்டிருக்க முடியாது. நோர்வூட்டின் மாணவர் காணலாம்.

தலைமன்னாருக்கும் போகலாம். போரில் அழிந்த அப்புகைவண்டிப் பாதை 2015 மார்ச்சில் மீளத் திறக்கப்பட்டது. 2023இல், மலைநாட்டுத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூரும் முகமாக, ஜூலை மாத இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு கூட்டம், முன்னோர் சென்ற திசையிலேயே மாத்தளை வரையில் நடந்து சென்றது. புறப்படுவதற்கு என்றே அறியப்பட்டிருந்த அத்துறைக்கு, அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் வரலாற்றைத் தேடிச் சென்றனர்.

ஆயினும் ஒரு காரியம் எஞ்சியுள்ளது. மார்க் ட்வெய்னின் ஒரு நாளுக்கு நூல் உண்டு. ‘இராமானுஜம்’ கப்பலுக்காகக் காத்திருந்தோரின் நாளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. அன்று இருபது வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். வழியனுப்ப ஹட்டன் நிலையத்தில் நின்றோர் நோர்வூட்டின் லயங்களிலும், கப்பலேறியோர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் உள்ளனர். அன்று காலையில் என்ன உண்டனர், மூட்டையில் எதை வைத்தனர், எதை விட்டுச்சென்றனர், இறங்குதுறையில் எவரோடு பேசினர் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு பாடசாலைப் பயிற்சிப் புத்தகம் போதும். தோட்டத்துப் பாடசாலைகளின் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து இதனைச் செய்தல் வேண்டும். கேட்பதற்குரிய காலம் இன்னும் இருக்கின்றது. அது நெடுங்காலம் இராது.