நிலைக்கட்டணம் வந்த வழி

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போனாலும் பிரிட்டனில் கரண்ட் பில் வரும். ஒரு யூனிட்கூட ஓடாத நாளுக்கும் நிலைக்கட்டணம் உண்டு. ஆனால் இந்தக் கட்டணம் பிறந்ததற்கு நல்ல காரணம் இருந்தது.

1892இல் ஜான் ஹாப்கின்சன் என்ற பொறியாளர் அந்தக் காரணத்தை விளக்கினார். யார் எந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் தரத் தயாராக நிற்பதற்கே மின்நிலையத்துக்குப் பெருஞ்செலவு. ஆகவே ஒருவரின் உச்சத் தேவைக்கு ஒரு தொகை, ஓடிய யூனிட்டுக்கு இன்னொரு தொகை.

உச்சத்தை அளக்க பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் ஒரு கருவி செய்தார். வளைந்த கண்ணாடிக் குழாய், அதன் ஒரு குமிழைச் சுற்றிக் கம்பிச்சுருள். மின்னோட்டம் கூடினால் சுருள் சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும், திரவம் பக்கத்துக் குழாயில் வழியும். வழிந்த திரவத்தின் உயரமே உச்சத் தேவைக்குச் சாட்சி. 1894இல் பிரைட்டனுக்கு வந்த அமெரிக்க மின்நிறுவனத் தலைவர் சாமுவேல் இன்சல் இந்த முறையைச் சிகாகோவரை கொண்டுபோனார்.

இன்றைய வீட்டு பில்லில் அந்த அளவுகோல் இல்லை. ஒரே வட்டாரத்தில், ஒரே திட்டத்தில், ஒற்றை அறைக்கும் மாளிகைக்கும் ஒரே நிலைக்கட்டணம். 2021இல் எரிவாயு விலை ஏறி விற்பனை நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறிடம் சேர்த்த செலவையும் இதன் தலையிலேயே கட்டினார்கள். கம்பிவடச் செலவில் ஒரு பங்கும் யூனிட் விலையிலிருந்து இங்கே மாறியது. கட்டுப்பாட்டு அமைப்பு வைக்கும் விலை வரம்பின்படி சராசரியாக நாளுக்கு 25 பென்ஸாக இருந்த மின் நிலைக்கட்டணம் 2022 ஏப்ரலில் 45 ஆனது. 2024 ஏப்ரலில் 60. எரிவாயுவுக்குத் தனியாக 31. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 330 பவுண்டுக்கு மேல்.

முன்பணம் கட்டும் மீட்டர் உள்ள வீடுகளில் இது இன்னும் கொடுமை. கோடையில் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் எரிவாயு மீட்டரில் தினமும் கடன் ஏறும். குளிர் வந்ததும் கையிலிருக்கும் பத்து பவுண்டைப் போட்டால், மீட்டர் முதலில் பழைய பாக்கியைத்தான் பிடிக்கும்.

கம்பிக்கும் குழாய்க்கும் எல்லோரும் பங்கு தரவேண்டும், மறுப்பில்லை. திவாலான நிறுவனங்களின் சுமை அந்தப் பங்கில் சேராது. அதைப் பொது வரியிலிருந்து எடுப்பதே முறை. இன்றைய ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கொரு முறை பயன்பாட்டைப் பதிகிறது. ரைட்டின் குழாய் செய்த வேலைக்கு இதுவே போதும். உச்சத் தேவையை வைத்தே நிலைக்கட்டணம் போடலாம். மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கும் ஏழைகளுக்கும், மருத்துவக் கருவியை நம்பி வாழ்பவர்களுக்கும் முதலிலேயே விலக்கு எழுதிவைத்துவிட்டு.