உதிர்ந்த ‘ஏறத்தாழ’: செயற்கை முழங்காலும் மூன்று பாகைக் கோடும்

முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் செயற்கை மூட்டு நேராக அமைய வேண்டுமா என்ற விவாதத்தை 2010-ஆம் ஆண்டின் மேயோ கிளினிக் கட்டுரை முடித்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். பராட், பக்னானோ குழுவினர் 398 முழங்கால்களை ஆராய்ந்தனர். 15 ஆண்டுகளில், காலின் நேர்க்கோட்டிலிருந்து மூன்று பாகை எல்லைக்குள் இருந்த 292-இல் 15.4 விழுக்காடும், வெளியே நின்ற 106-இல் 13 விழுக்காடும் மறு அறுவைக்கு வந்தன. நேர், கோணல் என இரண்டாகப் பிரிப்பது மூட்டின் ஆயுளைக் கணிக்க உதவாது என்றனர். நேர்க்கோட்டையே இலக்காகக் கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தப் பின்பாதியைப் பலர் எடுத்துக்காட்டுவதில்லை.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. அவர்கள் சோதித்த எல்லை, மூன்று பாகை விதியின் மூலத்தில் சொல்லப்பட்ட எல்லையே அன்று.

மூலம் என்பது 1991-இல் ஜெஃப்ரி, மோரிஸ், டென்ஹாம் எழுதிய கட்டுரை. 1976 முதல் 1981 வரை பொருத்தப்பட்ட 115 டென்ஹாம் மூட்டுகளை அது ஆராய்ந்தது. மூட்டை வடிவமைத்தவரே ஆசிரியருள் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது. தொடை எலும்புத் தலையின் மையத்திலிருந்து கணுக்காலின் மையம் வரை செல்வது மாகே கோடு. அது செயற்கை மூட்டின் நடு மூன்றிலொரு பங்கில் விழுந்தால் தளர்ச்சி 3 விழுக்காடு. விலகினால் 24 விழுக்காடு. அந்த விலகல் ‘ஏறத்தாழ’ மூன்று பாகை அல்லது அதற்கு மேல் என்பது அங்கே ஒரு விளக்கக் குறிப்பு மட்டுமே. அளவுகோல் பாகையன்று, மூட்டின் அகலம்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடை 43 செ.மீ., கீழ்க்கால் 37 செ.மீ. எனக் கொள்வோம். மூட்டின் அகலம் 60 மி.மீ. என்றால் நடுப்பங்கின் விளிம்பு மையத்திலிருந்து 10 மி.மீ.; கோணம் 2.9 பாகை. அகலம் 75 மி.மீ. ஆனால் 3.6 பாகை. ஒரே காலில் மூட்டின் அளவு மாறினாலே எல்லையும் நகர்கிறது. சிறிய வேறுபாடுதான், ஆனால் எல்லைக்கோட்டருகே நிற்கும் கால்களை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை அதுவே முடிவுசெய்யும். தவிர, 1991 எண்ணியது தளர்ச்சியை. 2010 எண்ணியது எக்காரணத்தாலும் வந்த மறு அறுவையை. மூட்டு வகைகளும் வேறு. ஆகவே பிந்தையது முந்தையதை மறுத்ததாகக் கொள்ள இயலாது. முந்தையது சரியென்றும் இதனால் நிறுவப்படவில்லை. 115 சிறிய எண்.

மூலத்திலிருந்த அந்த ‘ஏறத்தாழ’ பிற்கால மேற்கோள்களில் உதிர்ந்ததற்கு ஓர் ஆண்டைச் சுட்ட முடியாது. 1997-இல் பிரான்சின் கிரெனோபிளில் தொடங்கிய கணினி வழிகாட்டு அறுவைக்குத் திட்டமான எண் தேவைப்பட்டது. அது பரவிய காலத்தில்தான் உதிர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதைத் தாம்பரத்தில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1928-இல் சௌரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே ஒரு ரயில் நிலையம் பெயர் பெற்ற ஊர் இது. இங்கே எக்ஸ்ரே என்றாலே நெஞ்சுப்படம்தான். அதன் வழக்கமான 35×43 செ.மீ. பரப்புக்குள் முழங்கால் அடங்கும். இடுப்பும் கணுக்காலும் அடங்கா. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நோயாளிகள் உறையில் கொண்டுவருவது பெரும்பாலும் அத்தகைய சிறிய படமே. அதில் கிடைப்பது தொடை எலும்பின் உடல் அச்சு. அது மாகே கோட்டிலிருந்து இயல்பாகவே 5 முதல் 7 பாகை வரை விலகி நிற்கும். தொடை எலும்பு வில்லாய் வளைந்தவர்களுக்கு அந்த விலகலைக் கழித்துச் செய்யும் திருத்தமும் பொய்க்கும். நிற்கவைத்து, முழங்கால் சிப்பி நேர் முன்னோக்க எடுத்த முழுக்கால் படம் இல்லாமல், மூன்று பாகை என்றோ மூன்றிலொரு பங்கு என்றோ எழுதப்படும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.