நந்தனும் கிந்தனும்

சென்னைப் பட்டணத்து ரசிகராயினும், மலாயாவில் புக்கிட் பெலிம்பிங் தோட்டத்து ரசிகராயினும், ஒரு தமிழ்ப் படத்தைக் கதை, பாட்டு, சிரிப்பு என்ற மூன்றைக் கொண்டே மதிப்பது வழக்கம். நமது ருசியைக் கேட்டால், பாட்டுக்குத் தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ என்று தயங்காமல் சொல்லுவோம். 1944இல் வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. ஆனால் பாட்டு காதோடு நின்றுவிடும், என். எஸ். கிருஷ்ணனின் சிரிப்போ புத்திக்குள் புகுந்து வேலை செய்யும்.

அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தையே எடுத்துக்கொள்வோம். அது 1949இல் ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றது. பழைய நந்தன், ஆண்டையின் உத்தரவுக்குக் காத்துக்கிடந்து, நெருப்பில் மூழ்கியே சிதம்பரத்தை அடைகிறான். அக்கதையை 1935இலும் 1942இலும் படமாக்கி நம்மவரை அழவைத்தார்கள். கிந்தனோ கோயிலை நாடவில்லை. படிப்பை நாடிப் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான்.

கோல சிலாங்கூர்த் தோட்டத்து மக்களுக்கு இது அயலார் கதையா? 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது. ஆனால் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார், படிப்பும் ஆரம்ப வகுப்போடு சரி, பிறகு பால்வாளிதான். துரையின் உத்தரவுக்குக் காத்திருந்த நந்தன்கள் லயந்தோறும் இருந்தார்கள். கிந்தனைப்போல் புறப்பட வழிதான் இல்லை.

ஆகவே, நந்தனுக்காக அழுவதைவிடக் கிந்தனோடு சிரிப்பதையே நாம் விரும்புகிறோம். அழுகை, விதியை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. இச்சிரிப்போ, ‘நம் பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே?’ என்று கேட்கச் செய்கிறது.