மனநோய் மருந்துகளும் நீரிழிவும்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் நீரிழிவு, பொதுமக்களிடம் இருப்பதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு காணப்படுகிறது. அவர்களின் ஆயுள் சராசரியாக 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ குறைந்துபோவதற்கு இதயநோயும் அதற்கு வழிவிடும் சர்க்கரையும் முக்கியக் காரணங்கள். மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகளில் சில, குறிப்பாகக் குளோசபைனும் ஒலான்சபைனும், இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. எவ்வளவு கூட்டுகின்றன என்பதில்தான் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

இவ்விரு நோய்களின் உறவு மருந்துகளைவிட மூத்தது. மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுவதாக இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879-இல் எழுதினார். மனநோயாளிகளின் இரத்தச் சர்க்கரை உயர்வு பற்றிக் கூய் என்பவர் எழுதிய கட்டுரை 1919-இல் ‘பிரெய்ன்’ இதழில் வந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது.

டொராண்டோவில் 1921–22-இல் இன்சுலின் கிடைத்தபின், சில ஆண்டுகளிலேயே அது மனநோய் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. ஆனால் நீரிழிவைத் தணிக்க அல்ல. வியன்னாவின் மான்ஃப்ரெட் சாக்கெல் 1930களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோயாளிகளுக்கு இன்சுலினை ஏற்றிச் சர்க்கரையை அடியோடு இறக்கி, ஆழ்மயக்கத்தில் தள்ளும் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். காலையில் ஊசி போடப்படும். நோயாளி வியர்த்து, நினைவிழந்து கிடப்பார். மூக்குக்குழாய் வழியாகச் சர்க்கரைக் கரைசல் செலுத்தி எழுப்புவார்கள். வாரத்தில் பல நாள் இப்படி நடக்கும். அருகிலேயே உட்கார்ந்து நாடியும் மூச்சும் பார்த்த செவிலியர்களின் உழைப்பு இந்த வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. சிகிச்சை பெற்றவர்களில் பலர் பருத்துப்போனார்கள். சிலர் கண் விழிக்கவே இல்லை. இதன் அறிவியல் அடிப்படையை ஹெரால்ட் போர்ன் 1953-இல் ‘லான்செட்’ இதழில் கேள்விக்கு உட்படுத்தினார். வேறு மருந்தால் உண்டாக்கிய மயக்கமும் இதே பலனைத் தந்ததாக 1957-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியபின் இம்முறை தேய்ந்து மறைந்தது.

அதற்குள் மாத்திரை வந்துவிட்டது. ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் பால் ஷார்பாந்தியே 1950 டிசம்பரில் உருவாக்கிய குளோர்புரோமசினை, பாரிசின் சான்த்-ஆன் மருத்துவமனையில் ழான் டெலேயும் பியேர் டெனிக்கரும் 1952-இல் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘லார்காக்டில்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவிய மூன்று நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே, இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை ஏறுவதாக மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வரத் தொடங்கின. மருத்துவமனையில் தங்கியிருந்த பெண்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1968-இல் வெளியானது. இவ்வகை மருந்துகள் வந்தபின் அவர்களிடையே நீரிழிவு 4.2 சதவீதத்திலிருந்து 17.2 சதவீதமாக உயர்ந்ததாக அது கூறியது. மருந்துதான் காரணமா, மருத்துவமனை உணவும் உட்கார்ந்த வாழ்க்கையும் காரணமா என்று பிரித்துக் காட்ட அந்த ஆய்வால் இயலவில்லை. எனினும் எச்சரிக்கை வெளிப்படையாகவே விடுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பேச்சு குறைவு. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் எடையை அவ்வளவாக ஏற்றவில்லை. கை நடுக்கம், வாய் கோணல், உடல் விறைப்பு ஆகியவையே மருத்துவர்களின் கவலையாக இருந்தன.

அந்தக் கவலையிலிருந்து விடுபடத் தேடியபோது கிடைத்தது குளோசபைன். சுவிட்சர்லாந்தின் வாண்டர் நிறுவனத்தில் உருவான இம்மருந்து, 1975-இல் பின்லாந்தில் சிலருக்கு வெள்ளணுக்களை அழித்து உயிர் பறித்ததால் பல நாடுகளில் ஓரங்கட்டப்பட்டது. வேறு மருந்துக்கு இசையாத நோயாளிகளை ஜான் கேனும் குழுவினரும் ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். குளோசபைனால் 30 சதவீதத்தினர் தேறினர். குளோர்புரோமசினால் தேறியவர்கள் 4 சதவீதம். பல ஆண்டுகளாகக் குரல்களுக்குள் சிக்கியிருந்தவர்கள் குடும்பத்தோடு மீண்டும் பேசத் தொடங்கினார்கள். அமெரிக்கா 1989-இல் குளோசபைனை அனுமதித்தது. தொடர்ந்து ரிஸ்பெரிடோன் 1993-இலும், ஒலான்சபைன் 1996-இலும், குவெட்டியாபைன் 1997-இலும் வந்தன.

இந்த இடத்திலிருந்து ஆவணங்கள் குவிகின்றன. டேவிட் ஆலிசன் குழு 1999-இல் பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, பத்து வாரத்தில் குளோசபைன் 4.45 கிலோவும் ஒலான்சபைன் 4.15 கிலோவும் எடையை ஏற்றுவது தெரிந்தது. குளோசபைன் எடுத்துக்கொண்ட 82 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த டேவிட் ஹெண்டர்சன் குழு, அவர்களில் 30 பேருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டதாக 2000-இல் எழுதியது. ஒலான்சபைன் தொடர்பாக ஜப்பான் அரசு 2002 ஏப்ரலில் அவசர எச்சரிக்கை வெளியிட்டு, நீரிழிவு உள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாது என்றது. அதே ஆண்டு அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் 38,632 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், புதிய மருந்து எடுத்தவர்களிடம் நீரிழிவு, பழைய மருந்து எடுத்தவர்களைவிட 9 சதவீதமே கூடுதல் என்றார்கள். இளையோரிடம் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2003-இல் ஆறு புதிய மருந்துகளுக்கும் ஒரே எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. நீரிழிவு, மனநல மருத்துவர் சங்கங்கள் 2004 பிப்ரவரியில் கூட்டாக வெளியிட்ட அறிக்கையோ மருந்துகளை ஆபத்தின் அளவுப்படி தரம் பிரித்தது: குளோசபைனும் ஒலான்சபைனும் மேலே, ரிஸ்பெரிடோனும் குவெட்டியாபைனும் நடுவில், ஜிப்ராசிடோனும் அரிப்பிப்ரசோலும் கீழே.

அந்த அறிக்கையின் கண்காணிப்பு அட்டவணை எளிமையானது. மருந்து தொடங்கும்முன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். 4, 8, 12 வாரங்களில் மறுபடி எடை. 12 வாரத்தில் மறுபடி சர்க்கரை. ஒரு எடைக்கருவி, ஒரு அளவுநாடா, ஒரு இரத்தப் பரிசோதனை போதும். இருந்தும் கலிபோர்னியா, மிசூரி, ஓரிகன் மாநிலங்களில் அரசுக் காப்பீட்டு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, புதிதாக மருந்து தொடங்கியவர்களில் சர்க்கரை பார்க்கப்பட்டவர்கள் நால்வரில் ஒருவர் அளவே. எச்சரிக்கைக்குப் பின்னும் அந்த விகிதம் பெரிதாக ஏறவில்லை. 1,493 பேரைச் சேர்த்து நடந்து 2005-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில், மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் ஒலான்சபைன் குழுவிலேயே அதிகம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஏறியதும் அதே குழுவில். அந்த ஆய்வில் சேரும்போதே நீரிழிவு இருந்தவர்களில் 30 சதவீதத்தினர் அதற்கு எந்தச் சிகிச்சையும் பெறாமல் இருந்தார்கள். மனநல மருத்துவர் மனதையும், பொது மருத்துவர் உடலையும் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி இருவருக்கும் நடுவே விடுபட்டுப்போனார்.

ஒலான்சபைனைத் தயாரித்த எலை லில்லி நிறுவனம், அம்மருந்து தொடர்பான ஆயிரக்கணக்கான வழக்குகளை 2005-இல் 69 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அனுமதிக்கப்படாத பயன்களுக்கு மருந்தை விற்பனை செய்ததற்காக 2009-இல் 141.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

மருந்து எப்படிச் சர்க்கரையை ஏற்றுகிறது? மூளையின் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைப்பதால் பசி அடங்குவதில்லை. எடை ஏறுகிறது, இன்சுலினுக்கு உடல் மசிய மறுக்கிறது. கணையத்திலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகள் அடைபடுவதால் இன்சுலின் சுரப்பே தடுமாறுவதாகவும் கருதப்படுகிறது. சிலருக்கு எடை ஏறாமலேயே சர்க்கரை கூடியிருப்பதால் இரண்டாவது வழியைத் தள்ளிவிட முடியவில்லை.

நோயின் பங்கும் பேசப்படுகிறது. அயர்லாந்தில், ஒரு மாத்திரைகூட எடுக்காத 26 புதிய நோயாளிகளில் 15 சதவீதத்தினருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்திருந்ததாக 2003-இல் அறிவிக்கப்பட்டது. நெதர்லாந்தின் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களிடம், பின்னாளில் மனச்சிதைவும் சர்க்கரைக் கோளாறும் கூடுதலாக இருந்தன. இரண்டுக்கும் பொதுவான வேர் தாயின் வயிற்றிலேயே இருக்கலாம் என்று சிலர் இதைக் கொண்டு வாதிடுகிறார்கள். சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் நீரிழிவு மருத்துவர் மோகனின் ஆய்வுக் குழுவும் இணைந்து 131 நோயாளிகளையும் 524 பிறரையும் ஒப்பிட்டன. 2011-இல் வெளியான முடிவின்படி, நோயாளிகளிடம் நீரிழிவு சுமார் இருமடங்கு.

மருந்தைக் கைவிடுவது தீர்வாகாது. பின்லாந்தின் 66,881 நோயாளிகளைப் பற்றிய 2009 ஆய்வில், சர்க்கரையை மிகுதியாக ஏற்றும் குளோசபைனை எடுத்தவர்களிடமே இறப்பு மிகக் குறைவு; ஆய்வு முறை குறித்து மறுப்புகளும் எழுந்தன. உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாட்டோடு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினும் சேர்ந்தால் ஏறிய எடை இறங்குவதைச் சீனாவில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது. டென்மார்க்கில் லிராகுளூடைட் ஊசி பதினாறு வாரத்தில் பலருக்குச் சர்க்கரையைச் சீராக்கியது 2017-இல் தெரியவந்தது. எடையேற்றத்தைக் குறைக்க, ஒலான்சபைனோடு சமிடார்ஃபான் சேர்ந்த மாத்திரையை அமெரிக்கா 2021-இல் அனுமதித்தது. மற்ற மனச்சிதைவு மருந்துகளைப்போல் மூளையின் டோபமைன் ஏற்பிகளை நேரடியாக அடைக்காத சனோமெலின்-டிராஸ்பியம் 2024 செப்டம்பரில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான முக்கியச் சோதனைகள் ஐந்து வாரம் நடந்தவை.