கற்போனின் கையும் கருவியின் உடைமையும்

கல்விக்குப் பயன்படும் கணினிக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வளர்ச்சி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எப்பொறி எவ்வாண்டில் தோன்றியது என்பது பற்றிய விபரங்களுக்குக் குறைவில்லை. ஆயின், அப்பொறியைக் கொண்டு பாடத்தை ஆக்கியவர் யார், ஆக்கப்பட்ட பாடம் யாருடைய தயவில் நிலைத்தது என்னும் வினாக்கள் போதியளவு எழுப்பப்படவில்லை. கற்போனின் ஒவ்வொரு செயலுக்கும் பொறி மறுவினை தரும்வண்ணம் பாடத்தை அமைப்பதே இடைவினை வடிவமைப்பாகும். அதன் வரலாற்றினை இவ்விரு வினாக்களின் அடிப்படையில் ஈண்டு நோக்குவோம்.

1950களில் அமெரிக்க உளவியலாளர் பி. எவ். ஸ்கின்னர் கற்பிக்கும் பொறியொன்றினை முன்வைத்தார். சிறு சிறு வினாக்களை வரிசையாகக் காட்டி, விடையின் சரிபிழையை உடனுக்குடன் அறிவிப்பது அது. அங்கு மாணவன் விடை எழுதினானேயன்றி வினா எழுப்பவில்லை.

1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் தலைமையில் உருவாகிய 'பிளேற்றோ' அமைப்பு இந்நிலையைச் சிறிது மாற்றிற்று. 1967இல் போல் டென்சர் வகுத்த 'ரியூற்றர்' மொழி, கணினிப் பயிற்சி பெறாத ஆசிரியரும் பாடம் ஆக்குவதற்கு வழி சமைத்தது. 1972இல் விரலால் தொட்டு விடையளிக்கும் திரையும் அவ்வமைப்பில் இடம்பெற்றது. எனினும் பாடங்கள் யாவும் மையக் கணினியொன்றிலேயே தங்கியிருந்தன. ஆக்கியவர் ஆசிரியராயினும் இருப்பிடம் அவருடையதன்று.

கற்போனை ஆக்குவோனாக்கும் முயற்சி 1967இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் முளைகொண்டது. வொலஸ் பியூர்சைக், சீமோர் பப்பேட், சிந்தியா சொலமன் ஆகியோர் 'லோகோ' என்னும் மொழியை உருவாக்கினர். ஜெனிவாவில் பியாஜேயுடன் பணியாற்றியவர் பப்பேட். கணினி குழந்தையை இயக்குவதா, குழந்தை கணினியை இயக்குவதா என்பதே அவர் எழுப்பிய அடிப்படைப் பிரச்சினை. 'ஆமை'யை நகர்த்திச் சதுரம் வரையும் சிறுவன் கேத்திரகணிதத்தை மனனம் செய்வதில்லை; செய்து அறிகின்றான்.

ஆயின் ஆக்கும் உரிமை வேறு, ஆக்கியதைக் காக்கும் உரிமை வேறு. இவ்வேறுபாட்டினைப் பின்வந்த வரலாறு தெளிவாகப் புலப்படுத்துகின்றது. 1987இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட, பில் அற்கின்சனின் 'ஹைப்பர்காட்' ஆசிரியர்களையும் மாணவர்களையும் பாட ஆக்குநர்களாக்கியது. 2004இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 1996இல் மக்றோமீடியா கைப்பற்றி வளர்த்த 'பிளாஷ்', அசையும் படங்களையும் பரிசோதனை மாதிரிகளையும் வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 2005இல் அது அடோபியின் உடைமையாயிற்று. 2020 டிசெம்பர் 31இல் அதற்கான ஆதரவு முடிவுற்றது. மறுமாதம் 12ஆம் திகதி முதல் அதன் இயக்கி எப்பாடத்தையும் காட்ட மறுத்தது. பாதுகாப்புக் குறைபாடுகள் அம்முடிவிற்கு மெய்யான காரணங்களே. ஆயினும் முடிவெடுத்தோர் ஆசிரியரல்லர்.

இவ்விழப்பு எல்லோர் மீதும் சமமாக விழவில்லை என்பது உற்றுநோக்கற்பாலது. 2002இல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் கொலறாடோவில் தொடக்கிய 'பெற்' திட்டம் தன் மாதிரிகளைத் திறந்த வலைத் தராதரங்களில் மீள எழுதிக்கொண்டது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிறாச்' 2019இல் அவ்வாறே புத்துருப்பெற்றது. ஆளணியும் நிதியும் உடையோருக்கு இது சாத்தியமாயிற்று. மாலைப்பொழுதுகளில் தனித்திருந்து தன் வகுப்புக்கெனப் பாடம் ஆக்கிய ஆசிரியருக்கோ மீள எழுத வலுவில்லை. தன்னார்வலர் உருவாக்கிய 'றபிள்' போன்ற போலி இயக்கிகள் அவற்றுட் சிலவற்றை மீட்டுள்ளன. முற்றாக மீட்டன எனல் ஒண்ணாது.

சுருங்கக்கூறின், இடைவினை என்பது திரைக்கும் விரலுக்கும் இடைப்பட்ட தொழில்நுட்ப உறவு மட்டுமன்று. உழைப்புக்கும் உடைமைக்கும் இடைப்பட்ட சமூக உறவுமாகும். எனவே, மாணவனிடம் எக்கருவியைக் கொடுப்பது என ஆராயுங்கால், அதனை மூடும் திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பதையும் ஆராய்தல் கல்வியாளரின் கடனாகும்.