ஆறு நிமிஷம்

2009 செப்டம்பர் 2. நோன்பு மாசம். நாகூரில் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாயந்திரம் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் டிவியையே பார்த்துக்கிட்டு இருந்தோம். ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டரைக் காணோம். "ஒரு முதலமைச்சர் எப்படிடா காணாமப் போவாரு?" என்று உம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "காட்டுல எங்கேயாவது இறக்கியிருப்பாங்க உம்மா" என்று சமாளித்தேன்.

மறுநாள் காலையில் சேதி வந்துவிட்டது. கர்னூலுக்குக் கிழக்கே, நல்லமலைக் காட்டில், ருத்ரகொண்டா மலைமேல். ரெட்டி, அவருடைய செயலாளர், பாதுகாப்பு அதிகாரி, இரண்டு விமானிகள். ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

அப்புறம் டீக்கடைக்கு டீக்கடை ஒரு காரணம். சதி என்றார் ஒருத்தர். எஞ்சின் நின்னு போச்சு என்றார் இன்னொருத்தர். நானும் என் பங்குக்கு ஏதோ அடித்து விட்டிருப்பேன். :-)

பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த ஆர்.கே.தியாகி தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அது சொன்னது டீக்கடையில் யாருக்கும் தோன்றாத விஷயம்.

காலை 8.38க்கு பேகம்பேட்டிலிருந்து சித்தூருக்குக் கிளம்பிய பெல் 430 அது. இரட்டை எஞ்சின். வழியில் பெரிய மழை மேகம். அந்த நேரம் பார்த்து, விசிறியைச் சுற்ற வைக்கும் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தில் கோளாறு என்று எச்சரிக்கை வருகிறது. என்ன செய்யணும் என்று விமானிகள் புத்தகத்தில் தேடுகிறார்கள். அகப்படவில்லை. மறுபடி தேடுகிறார்கள். இப்படியே ஆறு நிமிஷத்துக்கும் மேலே போயிருக்கிறது. வெளியே மேகம் நெருங்கிக்கிட்டே இருந்தது. திரும்பிடலாம், சுத்திப் போயிடலாம் என்று முடிவெடுக்க வேண்டிய நேரமே அந்த ஆறு நிமிஷம்தான்.

மேகத்துக்குள் போனதும் கீழ்நோக்கி அடிக்கிற காற்று ஹெலிகாப்டரைத் தூக்கிப் போட்ட மாதிரி இறக்கிவிட்டது. கடைசி நொடிகளில் துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று பதற்றத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்த எண்ணெய் விவகாரம்? அதனால் விபத்து நடக்கவில்லை என்று கமிட்டியே சொல்லிவிட்டது. அதுதான் என்னை ரொம்பப் படுத்துகிறது.

ஆறு நிமிஷம் என்றால் பெரிசா என்று கேட்கலாம். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற வண்டி அது. நாகூர் தர்கா வாசலில் புத்தகத்தைத் திறந்து குனிந்தால், நிமிர்கிறபோது வேளாங்கண்ணி தாண்டியிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை (வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான்). விமானத்துக்குள் இந்தப் புத்தகமும் பட்டியலும் வந்ததே மறதிக்கு மருந்தாகத்தான். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவில் ரைட் ஃபீல்ட். போயிங்கின் புது நாலு எஞ்சின் விமானம், மாடல் 299, ராணுவத்துக்குக் காட்டுவதற்காகக் கிளம்புகிறது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், பழம் தின்னு கொட்டை போட்ட ஆள். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால், இறக்கைப் பலகைகளைப் பூட்டி வைப்பார்கள், நம்ம கரையில் நிறுத்தின தோணிக்குச் சுக்கானைக் கட்டிப் போடுகிற மாதிரி. அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். மேலே ஏறிய விமானம் செங்குத்தாகப் போய் விழுந்து எரிந்தது. ஹில் இறந்தார், கூட இருந்த போயிங் விமானி லெஸ்லி டவரும் பிழைக்கவில்லை.

ஒரு மனுஷன் ஞாபகத்தில் வைத்து ஓட்ட முடியாத விமானம் என்று பேச்சு வந்தது. ராணுவ விமானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிளம்புவதற்கு முன், பறக்கும்போது, இறங்குவதற்கு முன், இறங்கிய பின் என்று செய்ய வேண்டியதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார்கள். மளிகைச் சீட்டு மாதிரி, அவ்வளவுதான். அதே விமானம் பிறகு பி-17 என்று பெயர் வாங்கி இரண்டாம் உலகப் போர் முழுக்கப் பறந்தது.

மறதிக்கு மருந்து கிடைத்தது. கவனம் சிதறுவதற்கு? 1972 டிசம்பர் 29 ராத்திரி, மியாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401. இது சின்ன விமானம் இல்லை, 176 பேர் போன டிரைஸ்டார். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. 2000 அடியில் தானியங்கியில் போட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பல்பைக் கழற்றுவதிலும் சக்கரத்தைப் பார்ப்பதிலும் இறங்கிவிட்டார்கள். நடுவில் உயரம் காக்கிற இயக்கம் விட்டுப்போனது யாருக்கும் தெரியல. எச்சரிக்கை மணி அடித்தும் காதில் விழல. சதுப்பு நிலத்தில் போய் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் போயிருந்தது.

என் பெரியவாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். சுக்கான் பிடிச்சு நிற்கிறவன் வேற எதுக்கும் கையை எடுக்க மாட்டான், மேலே விளக்கு அணைஞ்சாலும் இன்னொருத்தன்தான் போய்ப் பார்க்கணும் என்பார். இதையே 1981 வாக்கில் அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனம் பாடமாக நடத்த ஆரம்பித்தது. அதற்கு அவர்களுக்கு 1978ல் போர்ட்லாந்தில் ஒரு விபத்து தேவைப்பட்டது (சக்கரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்ரோல் தீர்ந்து விழுந்தது, பத்துப் பேர் போனார்கள்). பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டில் ஊர்க்கதை பேசக்கூடாது என்ற விதியும் அமெரிக்காவில் 1981ல்தான் வந்தது.

ஆனா இதெல்லாம் பெரிய விமானக் கம்பெனிகளுக்கு. நாலு பேர் உட்கார்கிற குட்டி விமானத்தில் ஓட்டுகிறவரே ரேடியோ பேசணும், வரைபடம் பார்க்கணும், பக்கத்தில் இருக்கிற மச்சான் "அதோ பாரு நம்ம ஊரு" என்றால் அதற்கும் பதில் சொல்லணும். சுக்கானும் அவர்தான், விளக்குப் பார்க்கப் போகிறவனும் அவர்தான். அதனால்தான் முதல் நாளே மூணு வேலையை வரிசைப்படுத்திச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: முதலில் ஓட்டு, அப்புறம் வழி பார், அப்புறம் பேசு.

கேட்க சுலபம். நான் ஒருமுறை பால்பண்ணைச்சேரி பக்கம் பழைய ஸ்கூட்டரில் போகும்போது வண்டி இழுக்க ஆரம்பித்தது. பெட்ரோல் ரிசர்வுக்கு மாற்ற, நிறுத்தாமலே குனிந்து குமிழைத் தேடினேன். நிமிர்ந்தால் முன்னால் ஒரு பஸ்ஸின் பின்பக்கம், ரெண்டு கை தூரத்தில். வண்டியை மண்ணில் இறக்கி முட்டியைப் பேர்த்துக்கிட்டு வந்தேன். பஸ்ஸைவிட அந்தக் குமிழ்தான் அப்போது எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. அதனால் அந்த இரண்டு விமானிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. அசட்டையாக இருந்தவர்கள் இல்லை அவர்கள். பொறுப்பாக, புத்தகத்தில் போட்டபடி செய்யத்தான் பார்த்தார்கள். ஒருத்தர் புத்தகம், ஒருத்தர் மேகம் என்று பிரித்துக்கொள்ள அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கமிட்டி சொன்னதை நான் படித்துக் காட்டியபோது உம்மா கடைசி வரை பேசாமல் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "ரெண்டு பேருமா குனிஞ்சு பார்த்தாங்க?" என்றாங்க.

"பேச்சுதான் பதிவாகும் உம்மா. கண்ணு எங்கே இருந்துச்சுன்னு பதிவாகாது" என்றேன்.