பாயில் விதியும் முத்துக்குளிப்பும் – லம்பா லைனிலிருந்து ஒரு பார்வை

வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு வாயுவின் அழுத்தம் கூடினால் அதன் கனஅளவு குறையும். அழுத்தம் இரு மடங்கானால் கனஅளவு பாதியாகும். "பாயில் விதி" என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் நம்மில் பலர் மறந்துபோன பாடம் இது. "இதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். கடல் சூழ்ந்த தீவுகளில் வாழும் நமக்கு, அதிலும் விமான ஓடுதளத்தின் ஓரத்தில் லம்பா லைனில் இருக்கும் எங்களுக்கு, நிறையவே சம்பந்தம் உண்டு. அதை வரலாற்று வழியில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராபர்ட் பாயில் 1660இல் காற்றைப் பற்றிய தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். அதற்கான பம்பைச் செய்து கொடுத்தவர் அவருடைய உதவியாளர் இராபர்ட் ஹூக். காற்றுக்குப் பாதரசத்தைத் தாங்கும் வலிமை கிடையாது என்று பிரான்சிஸ் லைனஸ் என்ற பாதிரியார் மறுப்பு எழுதினார். அந்த மறுப்புக்குப் பதிலாக 1662இல் வந்ததுதான் இந்த விதி.

சோதனை எளிமையானது. 'ஜே' எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாய்; குட்டைப் பக்கத்தின் முனை மூடியிருக்கும். நீளப் பக்கத்தில் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, குட்டைப் பக்கத்தில் சிக்கிய காற்று சுருங்கும். 12 அங்குலக் காற்றுக்கு அழுத்தம் 29 1/8 அங்குலப் பாதரசம். அது 6 அங்குலமாகச் சுருங்கியபோது அழுத்தம் 58 13/16; கணக்குப்படி 58 1/4 இருக்கவேண்டும். 3 அங்குலமானபோது 117 9/16. கணக்குப்படி 116 1/2. கணக்கையும் கண்ணால் கண்டதையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு, வித்தியாசத்தை மறைக்காமல் காட்டினார் பாயில். இக்கருத்தை ரிச்சர்டு டவுன்லி முன்வைத்ததாகவும் அவரே எழுதினார். பின்னர் பிரான்சில் மாரியட் இதே விதியைச் சொன்னதால் அங்கே அவர் பெயரும் வழங்குகிறது. பாயில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

இனி நம் கடலுக்கு வருவோம். கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால், தரையிலுள்ள காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு பங்கு அழுத்தம் சேர்கிறது. மேலே 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு மூழ்குபவருக்கு 10 மீட்டரில் அது 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளித்த நம்மவர் கனமான கல்லைக் காலில் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம் வரை இறங்கினார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பாயிலின் கணக்கை அவர்கள் அறிந்ததில்லை. நெஞ்சு அமுங்குவதை உடம்பால் அறிந்திருந்தார்கள்.

கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாக முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான 'பெரிப்ளூஸ்' கூறுகிறது. 1858இல் கைதிகளைக் கொண்டு குடியேற்றம் தொடங்கிய அந்தமானில் இருந்து அதைப் படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

அந்த முத்துக்குளிப்பவர் மேலே வரும்போது, சுருங்கிய காற்று பழைய 6 லிட்டருக்கே விரியும். அதற்கு மேல் போகாது. ஆகவே மூச்சடக்கி இறங்கியவர் மூச்சடக்கியே ஏறலாம். காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு 'ஸ்கூபா' முறையில் இறங்குபவரின் கணக்கு வேறு. 10 மீட்டரில் அவர் இழுப்பது இரு மடங்கு அழுத்தமுள்ள காற்று. அங்கே 6 லிட்டர் நிரப்பி, பயத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் அது 12 லிட்டராக முயலும். நுரையீரல் தாங்குமா? கிழிந்துவிடும். "ஏறும்போது மூச்சை அடக்காதே" என்று பயிற்சியாளர் சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழி கிளம்பும். இதையும் முதலில் கண்டவர் பாயிலே. காற்றை வெளியேற்றிய கலத்தில் வைத்த ஒரு விரியன் பாம்பின் கண்ணில் குமிழி அசைவதைக் கண்டு 1670இல் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1878இல் பால் பெர்ட் அந்தக் குமிழி நைட்ரஜன் என்று விளக்கினார். 1908இல் ஹால்டேன் குழுவினர், படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணையைத் தந்தார்கள்.

இப்போது லம்பா லைனுக்கு வாருங்கள். ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் இங்கே உருவான விமானத் தளம், 2023இல் புதிய முனையக் கட்டடத்தையும் பெற்றுவிட்டது. உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு வரை குறைகிறது. சென்னையிலிருந்து கொண்டுவரும் முறுக்குப் பாக்கெட் நடுவானில் உப்பிக்கொள்வது அதனால்தான். பாக்கெட் உப்பினால் கேடில்லை. ஹேவ்லாக் என்று நாம் சொல்லிப் பழகிய சுவராஜ் தீவில் காலையில் கடலடியில் இருந்துவிட்டு மாலையே விமானம் ஏறுபவரின் உடம்பில் குமிழி உப்பினால், மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்கவேண்டும் என்பது வல்லுநர் பரிந்துரை. ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் நாம்தானே அழைத்துப்போய் எல்லாம் காட்டுகிறோம்? கடலடி பார்க்க முதல் நாளே கூட்டிப் போங்கள். கடைசி நாளைச் செல்லுலார் சிறைக்கும் கடைத்தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபா வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த விதியை மனப்பாடப் பாடமாக அல்லாமல் உயிர்காக்கும் பாடமாகவே சொல்லிக்கொடுப்போம்.